வாயில்லாதவை

தோல் ஆலைக்குக் கீழே நாலாவது வளைவு
என்று எழுதிய ஆறு புட்டிகளை
ஐஸ் பெட்டியோடு மேசையில் வைக்கிறான் எபேர்.
மொண்டெவிடியோவில் இது ஜூலை, நடுக்குளிர்.
அவன் கோட்டில் ஓடையின் நாற்றம்.
விரல்களை ஊதிக்கொண்டே
சூடாக ஒரு மாத்தே குடிக்கப் போய்விடுகிறான்.

நேலிதா உறைபெட்டியைத் திறக்கிறாள்.
சீசாவின் அடியில் நகக்கண் அளவு வெள்ளைப் பொடி:
கடல், தூங்குகிறது.
நீர் விட்டு எழுப்புகிறாள்.
பதினைந்து டிகிரிக்கு மேலே ஏறினாலும் கோபம்,
கீழே இறங்கினாலும் கோபம்,
சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி.
பிறகு அறை விளக்கை அணைக்கிறாள்.

முதலில் ஒன்றும் இல்லை.
கண் இருட்டுக்குப் பழகப் பழக
பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத ஒன்று
குழாய்க்குள் இருக்கிறது.
இருக்கிறது என்பதைத் தவிர
அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

கணவாயின் வயிற்றில் குடியிருந்த இனம்.
நிலவில் நீந்தும் கணவாய்க்கு நிழல் விழாமல்
அடியிலிருந்து வெளிச்சம் தருவது வாடகை.
ஒற்றையாய் இருந்தால் ஏற்றாது;
போதுமான பேர் கூடிவிட்டோம் என்று
தங்களுக்குள் தெரிந்த பிறகே ஏற்றும்.
விஷம் பட்டால் மூச்சுக் குறையும்,
மூச்சுக் குறைந்தால் வெளிச்சம் குறையும்.
அலறல் கிடையாது. எண் மட்டும் இறங்கும்.

அவளுக்கு அலறல் தெரியும்.
முயல் அலறாது என்பார்கள். அலறும். ஒரு முறை.
ஷாம்பு கம்பெனியில் மூன்று வருடம்:
தலையை மட்டும் வெளியே நீட்டிய பெட்டிகளின் வரிசை,
காதில் பச்சை குத்திய எண்கள்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பது என்போம் நாம்,
விழிப்பாயிருப்பதை.
அங்கே விட்டது விளக்கெண்ணெய் அல்ல,
விழித்திருந்தது முயல்.
கண்ணீர் குறைவான பிராணி;
விட்டது கழுவிப் போகாது; அதனால்தான் அது.
நூற்றுப் பதினேழாம் எண்
கடைசிவரை அவள் கைப்பக்கம் முகத்தைத் திருப்பியது,
தீனி என்று நினைத்து.

ஐந்து நிமிடம். பதினைந்து.
பாதிக்குப் பாதி கலந்த குழாயில்
வெளிச்சம் ஏறக்குறைய இல்லை.
கால் பங்கில் மங்கல்.
எட்டில் ஒரு பங்கிலும் கொஞ்சம் குறைவு.
முப்பதாவது நிமிடம் எழுதிக்கொள்கிறாள்.

ஆலையின் வக்கீல் இரிகோய்த்தியாவின் கடிதம் மேசையில்:
கிருமியின் சாட்சி செல்லாது,
நாற்பது மீன்களை விட்டுச் செய்து காட்டுங்கள்.
ஓடையில் மீன் இருந்திருந்தால்
நானும் அதையே கேட்டிருப்பேன் என்று எழுதி,
அடித்துவிட்டு,
எண்களை மட்டும் எழுதுகிறாள்.

எல்லாம் தெரிந்த விளக்கு இல்லை இது.
அணைந்தால் விஷம்.
அணையாவிட்டால் நல்ல தண்ணீர் என்று அர்த்தமில்லை.
போன மார்ச்சில் ஒரு புட்டி முழுக்கப் பிரகாசித்தது;
அதே கரையில் தவளை முட்டைகள்
பொரியவே இல்லை.
அதையும் அறிக்கையின் கீழே சேர்த்தாள், சின்ன எழுத்தில்,
பிறகு பெரிய எழுத்தில்.

வாயில்லா ஜீவன் என்றார்களே முயலை,
அதற்கு வாய் இருந்தது. கம்பியைக் கடித்தது.
இதற்குத்தான் நிஜமாகவே வாயில்லை,
எண் குத்தக் காதும் இல்லை.
கோடிக்கணக்கில் போகிறது ஒரு மாலையில்.
இது லாபமா என்று கேட்டால்
லாபம்தான் என்பாள், யோசிக்காமல்.
யோசித்தும் அதையே.

குழாய்களைக் கொதிகலனில் போட வேண்டும்.
ஒன்றை மட்டும், வெறும் உப்புநீர் விட்ட
ஒப்பீட்டுக் குழாயை, திரும்பத் தாங்கியில் வைக்கிறாள்.
கணக்கில் அதற்கு இனி வேலை இல்லை.
கதவுக்கு வெளியே எபேர்: லைட் போடலாமா?
பொறு, என்கிறாள்.